டூ ஸ்ட்ரோக் எஞ்சின்: தகரக் குழாய்க்குள் ஒளிந்திருந்த குதிரைகள்



போன பதிவில் கூட்டுறவு வங்கிகளின் வரலாறு எழுதினேன். "மச்சி, பாதியிலேயே தூங்கிட்டேன்டா" என்று வகுப்பில் நாலு பேர் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த முறை யாரும் தூங்க முடியாத ஒரு விஷயம். சத்தமான விஷயம். :-)

ஆர்எக்ஸ் 100 ஒன்று தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது என்ன வண்டி என்று தெரிந்துவிடும். உற்பத்தி நின்று எத்தனையோ வருடங்கள் ஆகியும் அந்த வண்டிக்கு விலை ஏறிக்கொண்டேதான் போகிறது. வாங்கிய கையோடு "போர்ட்டிங் பண்ணிட்டேன்", "சேம்பர் போட்டிருக்கேன்", "ஹெட்டை லேத்துல கொடுத்து இழைச்சிருக்கேன்" என்று சொல்லாத ஆளே இல்லை. ஆனால் இந்த வேலைகளை எல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார், எதற்காக, அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் வராது. நான் தேடிப் படித்தபோது அதற்குள் உலகப் போர், பெர்லின் சுவர், கார் டிக்கிக்குள் ஒளிந்து தப்பித்த குடும்பம் என்று ஒரு முழுநீள சினிமாவே இருந்தது.

பி.காம். படிக்கிறவனுக்கு எஞ்சினோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்குதான் வேலை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பதுதானே எங்களுக்கு முதல் வருடத்தில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்? டூ ஸ்ட்ரோக் எஞ்சினை ஏற்றிய வரலாறும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது. அதில் சும்மா வந்த குதிரைத்திறன் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். பெரும்பாலும் அதை அனுபவித்தவர் கொடுக்கவில்லை, வேறொருவர் கொடுத்திருக்கிறார்.

இரண்டு கதவுள்ள பஸ்

மெக்கானிக்கல் நண்பர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்குச் சுருக்கமாக.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு தடவை மேலே போய் இரண்டு தடவை கீழே வந்தால்தான் ஒரு தடவை வெடிப்பு நடக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் வெடிப்பு. வால்வு, கேம் என்று தனியாக எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே ஓட்டைகள் இருக்கும். அவற்றைத்தான் போர்ட் என்கிறோம். மேலும் கீழும் போகிற பிஸ்டனே அந்த ஓட்டைகளுக்குக் கதவு. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ், பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுத்து அழுத்தி மேலே அனுப்பும் பம்பு. இந்த எளிமையான அமைப்புக்கு இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே 1891ல் காப்புரிமை வாங்கினார்.

அப்படியானால் அதே அளவு எஞ்சினில் இரண்டு மடங்கு சக்தி வரவேண்டுமே? வராது. ஏனென்றால் எரிந்த புகை வெளியே போவதும் புதுக் கலவை உள்ளே வருவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கின்றன. நம் ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கதவில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பின்கதவில் ஏறுகிறார்கள். கூட்டத்தில் சிலர் பின்னால் ஏறி, தள்ளுமுள்ளில் அப்படியே முன்னால் இறங்கியும் விடுவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் நடப்பது அதேதான். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். இறங்க வேண்டிய சிலர் இறங்காமல் உள்ளேயே நின்றுகொண்டிருப்பதும் உண்டு. அது எரிந்த புகை.

இந்த எஞ்சினைத் திருத்தியவர்கள் எல்லோருமே இந்தக் கூட்ட நெரிசலைத்தான் வெவ்வேறு வழிகளில் சரிசெய்யப் பார்த்தார்கள்.

ஜோசப் டேக்கு என்ன கிடைத்தது? அவருடைய எஞ்சின் உலகமெல்லாம் ஓடியது. அவரோ பணத்தை இழந்து, யாருக்கும் தெரியாதவராக 1946ல் இறந்துபோனார். நம் கணக்கில் முதல் பதிவு இது.

ஒரு சின்ன ஊர், நாலு நாட்டுப் பிள்ளைகள்

அடுத்த காட்சி ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ள ட்ஷோபாவ் என்ற சிறிய ஊர். டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முஸ்ஸன் என்பவர் அங்கே தொடங்கிய டிகேடபிள்யூ நிறுவனம், 1920களின் முடிவில் உலகத்திலேயே அதிகமாக மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. எல்லாம் டூ ஸ்ட்ரோக்.

அதுவரை உள்ளே வரும் கலவை நேராக வெளியே ஓடிவிடாமல் தடுக்க, பிஸ்டன் தலையிலேயே ஒரு மேடு வைத்திருந்தார்கள். அந்த மேட்டால் பிஸ்டன் கனமானது, சூடானது. ஷ்னுர்லே என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1920களின் நடுவில் வேறு வழி சொன்னார். கலவையை இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக அனுப்பினால், அது எதிர்ச்சுவரில் மோதி மேலே ஏறி, சுழன்று கீழே வரும். அதற்குள் கதவு மூடிவிடும். மேடு தேவையில்லை. டிகேடபிள்யூ இந்த உரிமையை 1932ல் வாங்கியது. உங்கள் ஆர்எக்ஸ் 100 சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்த்தால் தெரியும் சாய்வான ஓட்டைகள் ஷ்னுர்லேயின் வழி வந்தவைதான்.

1939ல் இதே ஆலையிலிருந்து ஆர்டி 125 என்ற சின்ன வண்டி வந்தது. போரில் ஜெர்மனி தோற்றதும் அதன் வடிவமைப்பு வென்றவர்களின் கைக்குப் போனது. இங்கிலாந்தில் பிஎஸ்ஏ பேண்டம், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125, ரஷ்யாவில் மாஸ்க்வா என்று ஆளுக்கு ஒரு பெயரில் அதே வண்டியைத் தயாரித்தார்கள். 1955ல் ஜப்பானில் பியானோ செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனம் தன் முதல் மோட்டார் சைக்கிளைத் தயாரித்தது. அதுவும் ஆர்டி 125ஐப் பார்த்துச் செய்ததுதான். அந்த நிறுவனம் யமஹா! ஆக ஆர்எக்ஸ் 100க்குக் கொள்ளுத் தாத்தா ஊர் ட்ஷோபாவ்.

பம்பு இல்லாமல் பம்பு

போருக்கு முன்பு ரேஸில் டிகேடபிள்யூ வென்றதற்கு முக்கியக் காரணம் சூப்பர்சார்ஜர். காற்றைத் திணிக்க எஞ்சினோடு சேர்த்துத் தனிப் பம்பு வைப்பார்கள். 1938ல் இவால்ட் குளூகே அப்படி ஒரு வண்டியில்தான் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தை வென்றார். போர் முடிந்ததும், 1946ல், உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் சூப்பர்சார்ஜரைத் தடை செய்துவிட்டது. டூ ஸ்ட்ரோக்கின் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

இதற்குள் ட்ஷோபாவ் கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட்டது. ஆலை அரசுடைமை ஆனது. பின்னால் அதன் பெயர் எம்இசட். 1950களின் தொடக்கத்தில் அதன் பந்தயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் வால்டர் காடன். 1919ல் பிறந்தவர். போர்க்காலத்தில் ஹென்ஷெல் நிறுவனத்தில், ரேடியோ மூலம் இயக்கப்படும் குண்டுகளைச் செய்த குழுவில் வேலை பார்த்தவர். நாம் கொண்டாடும் தொழில்நுட்பத்தில் பலவற்றுக்கும் இப்படி ஒரு இருண்ட பக்கம் இருக்கிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்வோம்.

காடனிடம் பணம் இல்லை. நல்ல உலோகம் இல்லை, நல்ல பேரிங் இல்லை. இருந்தது பொறுமை, ஒரு சோதனை மேடை, ஒரு ஆசிலோஸ்கோப். மூன்று யோசனைகளை அவர் ஒன்றுசேர்த்தார். மூன்றும் முழுக்க அவருடையவை அல்ல.

முதலாவது, டிஸ்க் வால்வ். கிராங்க்கோடு சேர்ந்து சுழலும் ஒரு மெல்லிய தட்டு, கலவை உள்ளே வரும் வழியைத் திறந்து மூடும். டேனியல் ஸிம்மர்மான் என்பவர் தன் சொந்த ஆர்டி 125 எஞ்சினை மாற்றியமைத்துச் செய்துகாட்டிய வேலை இது. இரண்டாவது, மூன்றாவதாக ஒரு டிரான்ஸ்ஃபர் போர்ட். பிஸ்டனில் ஒரு ஜன்னல் வெட்டி அதன் வழியாகக் கலவையை அனுப்பினால் கூடுதல் கலவையும் மேலே போகும், பிஸ்டனின் உட்புறமும் குளிரும். மூன்றாவதுதான் நம் கதாநாயகன். எக்ஸ்பான்ஷன் சேம்பர். நடுவில் வயிறு பெருத்து, இரண்டு முனையும் ஒடுங்கிய அந்தத் தகரக் குழாய். மேற்கு ஜெர்மனியில் எரிச் வோல்ஃப் என்பவர் டிகேடபிள்யூ ரேஸ் வண்டியில் முன்பே இதைப் பொருத்தியிருந்தார். அது ஏன் வேலை செய்கிறது என்பதை அளந்து, கணக்காக்கி, வளர்த்தவர் காடன்.

எப்படி வேலை செய்கிறது? எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுக்கும். கூடவே கொஞ்சம் புதுக் கலவையும் குழாய்க்குள் வந்துவிடும். அலையின் மறுபகுதி குழாய் ஒடுங்கும் இடத்தில் மோதி, தள்ளும் அலையாகத் திரும்புகிறது. வெளியே வந்துவிட்ட அந்தப் புதுக் கலவையை, கதவு மூடுவதற்குச் சற்று முன்னால் மறுபடி சிலிண்டருக்குள் திணித்துவிடுகிறது. நம் பஸ்ஸில், தவறி இறங்கியவர்களைக் கண்டக்டர் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு விசில் அடிப்பது மாதிரி. :-)

தடை செய்யப்பட்ட சூப்பர்சார்ஜரின் வேலையை நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத தகரக் குழாய் செய்தது. சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை!

கால்குலேட்டரை எடுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 10,800 சுற்று சுற்றினால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் சுமார் 5.5 மில்லி செகண்ட். அதில் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருப்பது பாதிக்குச் சற்று அதிகம், அதாவது ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். சூடான புகையில் ஒலி அலை விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும். 3 மில்லி செகண்டில் 1.5 மீட்டர். போய் மோதித் திரும்ப வேண்டும் என்பதால் ஒடுங்கும் இடம் சுமார் 75 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழாயின் நீளம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் அடிப்படை இவ்வளவே.

இதே கணக்கில் வில்லனும் இருக்கிறார். 5,000 சுற்றில் கதவு திறந்திருக்கும் நேரம் 6 மில்லி செகண்டுக்கு மேல். அலை பாதியிலேயே திரும்பி வந்துவிடும். தள்ள வேண்டிய நேரத்தில் தள்ளாது, தள்ளக் கூடாத நேரத்தில் தள்ளும். அதனால்தான் சேம்பர் போட்ட வண்டி கீழே மந்தமாகவும், ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் திடீரென்று பேய் பிடித்தது போலவும் ஓடுகிறது. ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று.

1961ல் காடனின் 125 சிசி எஞ்சின் 10,800 சுற்றில் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் இல்லாத எந்த எஞ்சினும் அதுவரை அந்த எண்ணைத் தொட்டதில்லை. தொட்டது மேற்கு நாடுகளின் பணக்கார நிறுவனம் எதுவும் இல்லை, பேரிங் கிடைக்காமல் திண்டாடிய ஒரு கிழக்கு ஜெர்மன் ஆலை.

டிக்கிக்குள் ஒரு குடும்பம்

அந்த எஞ்சினை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். வெறும் ஓட்டுநர் மட்டுமல்ல, எஞ்சின் விஷயம் தெரிந்தவர், காடனோடு சேர்ந்து வேலை பார்த்தவர். 1961ல் 125 சிசி உலகப் பட்டத்துக்கு ஹோண்டாவோடு மோதி, புள்ளிகளில் முன்னால் இருந்தார்.

அதே சமயம் சுஸுகி நிறுவனம் பந்தயங்களில் பின்வரிசையில் திண்டாடிக்கொண்டிருந்தது. டூ ஸ்ட்ரோக்தான் செய்வார்கள், ஆனால் வேகம் வரவில்லை. 1961 ஐல் ஆஃப் மேன் பந்தய சமயத்தில் அவர்கள் டெக்னரோடு ரகசியமாகப் பேசத் தொடங்கினார்கள். கம்யூனிச நாட்டு ஓட்டுநருக்குச் சம்பளம் சொற்பம். எதிரே ஜப்பான் நிறுவனத்தின் பணம்.

1961 ஆகஸ்ட் 13. பெர்லின் சுவர் எழுந்தது. போட்ட திட்டம் எல்லாம் சிக்கலானது. அடுத்த மாதம் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட்டில் பந்தயம். அங்கே வென்றால் பட்டத்தைக் கிட்டத்தட்டக் கையில் வாங்கிவிடலாம். ஆனால் டெக்னரின் எஞ்சின் பாதியில் நின்றது. அன்று அவர் குழுவோடு ஊர் திரும்பவில்லை. டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அதே நாட்களில் அவருடைய மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் ஒரு காரின் டிக்கிக்குள் ஒளிந்து கிழக்கு ஜெர்மனி எல்லையைக் கடந்தார்கள். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வருடப் பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸுக்குப் போனது. டெக்னர் ஜப்பானின் ஹமாமட்சுவுக்குப் போனார். அடுத்த வருடமே, 1962ல், சுஸுகியில் 50 சிசி உலகப் பட்டம் வென்றார். உலகப் பட்டம் வென்ற முதல் டூ ஸ்ட்ரோக் வண்டி அதுதான். எம்இசட் பல வருடம் உழைத்தும் ஒரு உலகப் பட்டம்கூட வெல்லவில்லை. கடைசி வரையில்.

எங்கள் பாடத்தில் கணக்கியல் தரநிலை 26 என்று ஒன்று வரும். தொட்டுப் பார்க்க முடியாத சொத்துகளைப் பற்றியது. ஒரு நிறுவனம் ஆராய்ச்சிக்குச் செலவழித்தால் அதைச் செலவாகத்தான் எழுத வேண்டும், சொத்தாகக் காட்ட முடியாது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் விதி. காடன் கதையைப் படித்தபோதுதான் உறைத்தது. எம்இசட்டின் மிகப் பெரிய சொத்து அதன் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. அது இரண்டு மூன்று பேரின் தலைக்குள் இருந்தது. அதில் ஒரு தலை எல்லையைத் தாண்டியபோது, ஆலையில் ஒரு ஆணிகூடக் குறையவில்லை. ஆனால் எல்லாமே போய்விட்டது.

டெக்னரைத் துரோகி என்று சொல்லலாமா? என்னால் சொல்ல முடியவில்லை. சுவர் கட்டிப் பூட்டிய நாட்டிலிருந்து குடும்பத்தோடு வெளியேற நினைப்பது குற்றமா? ஆனால் காடனின் பக்கம் நின்று பார்த்தால் வயிறு எரிகிறது. இரண்டும் உண்மை.

அவரும் விலை கொடுத்தார். 1963ல் ஜப்பானின் சுஸுகா பந்தயத்தில் வண்டி கவிழ்ந்து தீப்பிடித்து, முகமெல்லாம் வெந்து, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. திரும்பி வந்து ஓட்டினார், ஆனால் பழைய டெக்னர் வரவில்லை. 1983ல் டெனரீஃப் தீவில் இறந்தபோது வயது 51. ஃபார்முலா ஒன் பார்ப்பவர்களுக்கு சுஸுகாவின் டெக்னர் வளைவு தெரிந்திருக்கும். அது இவர் பெயர்தான். அதே ஓடுதளத்தில் 1962ல் அவர் விழுந்த இடம்.

காடன் ட்ஷோபாவிலேயே இருந்தார். 1963ல் மைக் ஹெயில்வுட் எம்இசட் 250ஐ ஓட்டி, கிழக்கு ஜெர்மனியின் சாக்சன்ரிங் ஓடுதளத்தில் வென்று காட்டினார். அதாவது எஞ்சினில் குறையில்லை, மற்ற எல்லாவற்றிலும்தான் குறை. காடன் 1996ல் காலமானார்.

புத்தகத்திலிருந்து புதுப்பேட்டை வரை

ரகசியம் ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் அதை யாராலும் பூட்ட முடியாது. 1964ல் யமஹா டூ ஸ்ட்ரோக்கில் ஃபில் ரீட் 250 பட்டம் வென்றார். 1975ல் அகோஸ்டினி யமஹாவிலேயே 500 சிசி பட்டத்தையும் எடுத்தார். அதன் பிறகு 2001 வரை 500 சிசி பட்டம் டூ ஸ்ட்ரோக்கின் கையை விட்டுப் போகவே இல்லை.

1973ல் கோர்டன் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், டூ ஸ்ட்ரோக் ட்யூனிங் பற்றி ஒரு கையேடு எழுதினார். சேம்பர் நீளம் எவ்வளவு, கூம்பின் கோணம் எவ்வளவு, போர்ட் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் சூத்திரம். காடன் வருடக்கணக்கில் தேடியது, டெக்னர் எல்லை தாண்டிக் கொண்டுபோனது, இப்போது ஒரு புத்தகத்தின் விலைக்கு. அரம் பிடிக்கத் தெரிந்த எவனும் தன் வீட்டுக் கொட்டகையில் முயன்று பார்க்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடம் பந்தயம் நடத்தியது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் வந்தது. மெட்ராஸ் மெக்கானிக்குகள் பலருக்கு எஞ்சின் ஏற்றும் ஆசையை ஊட்டியது இந்த இரண்டு இடங்களும்தான். கல்லூரிக்குப் போகாமலே போர்ட்டின் உயரத்தை விரலால் தடவிச் சொல்லும் அண்ணன்மார்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். காடன் ஆசிலோஸ்கோப்பில் பார்த்ததை அவர்கள் காதால் கேட்கிறார்கள்.

இங்கே ஏற்றப்பட்ட வண்டிகளில் இரண்டு முக்கியம். ஒன்று, 1983ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350. ஜப்பானில் இது ஆர்டி 350, 347 சிசியில் 39 குதிரைத்திறன். நம் நாட்டுக்கு வரும்போது மைலேஜுக்காக அடக்கி வைத்தார்கள். முதலில் 30.5, பிறகு வந்த வகையில் 27. இரண்டாவது, 1985ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சுமார்.

லிட்டர் கணக்குப் போட்டால் சுவாரசியம். ஆர்எக்ஸ் 100 லிட்டருக்கு 112. ஜப்பான் ஆர்டி 350யும் லிட்டருக்கு 112! ராஜ்தூத்தின் முதல் வகை 88, அடுத்தது 78. ஆக ராஜ்தூத் 350ஐ ஏற்றுகிறேன் என்பவர் பெரும்பாலும் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, பிடித்து வைத்ததை மீட்கிறார். ஆர்எக்ஸ் 100ஐ ஏற்றுபவர் வேறு கதை. ஏற்கெனவே நன்றாக ஓடும் எஞ்சினிடம் மேலும் கேட்கிறார். அதற்கு வட்டி அதிகம்.

வரவும் பற்றும்

சைலன்சரை எடுத்து சேம்பர் போட்டால் மேல்வேகத்தில் சக்தி கூடும், கீழே இழுவை குறையும். அண்ணா சாலை சிக்னலில் நிற்கும் வண்டிக்கு எது தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றும். ஆனால் வெடிப்பு பிஸ்டனைத் தள்ளும் தூரம் குறையும், மைலேஜும் குறையும். சைலன்சரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அரம் போட்டு எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஹெட்டை இழைத்தால் அழுத்தம் கூடும். அளவு மீறினால் கலவை தானாக வெடிக்க ஆரம்பித்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

சேம்பர் போட்டுவிட்டு கார்புரேட்டரில் பெரிய ஜெட் போடாவிட்டால் காற்று அதிகமாகி பெட்ரோல் குறையும். பிஸ்டன் சூடாகி விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். "பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். ஓடும் வண்டியில் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிவிடும். பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்கள் எப்போதும் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பது ஸ்டைலுக்காக அல்ல, உயிருக்காக.

எல்லாவற்றுக்கும் மேலே பிரேக். இந்த இரண்டு வண்டிகளும் நம் ஊரில் முன்னால் டிரம் பிரேக்கோடு வந்தவை. ஜப்பான் ஆர்டி 350க்கு இருந்த டிஸ்க் நமக்கு வரவில்லை. எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர் பிரேக்குக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் ஓட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பற்று எழுதப்படும் இடம் ஆஸ்பத்திரி.

கடைசிப் பதிவு

இந்தக் கணக்கில் ரொம்ப நாள் யாருமே எழுதாமல் விட்ட ஒரு பற்று இருந்தது. எரியாமல் வெளியே போன பெட்ரோலும் எண்ணெயும். அதற்கு விலை கொடுத்தவர் வண்டி ஓட்டியவர் இல்லை, அவருக்குப் பின்னால் சைக்கிளில் வந்தவர். பஸ் ஸ்டாப்பில் நின்றவர். நம் எல்லோருடைய நுரையீரலும்.

புகை விதிகள் இறுகின. 1996ல் ஆர்எக்ஸ் 100 நின்றது. காடன் இறந்த அதே வருடம். அதன் தம்பி ஆர்எக்ஸ் 135ம் 2005ல் நின்றது. 2002ல் உலகப் பந்தயத்தின் பெரிய வகுப்பு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறத் தொடங்கியது. 2011ல் 125 சிசி வகுப்பும் முடிந்ததோடு அங்கே டூ ஸ்ட்ரோக்கின் கதை முற்றுப்பெற்றது. மோட்டோகிராஸ் மாதிரி சில இடங்களில் இன்னும் அந்தத் தகரக் குழாய் உயிரோடு இருக்கிறது.

அப்படியென்றால் பழைய வண்டியை ஏற்றுவது தப்பா? நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். நான் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, இந்த வண்டிகள் இனி வரப்போவதில்லை. ஒரு நல்ல ஒரிஜினல் சிலிண்டர் கெட்டால் உலகத்தில் ஒன்று குறைந்தது என்று அர்த்தம். அதனால் ஒரிஜினல் சிலிண்டரைத் துணி சுற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். வெட்டுவதற்குப் புதுப்பேட்டையில் வேறு ஒன்று தேடி வாங்குங்கள். முதலில் பிரேக்கை ஏற்றுங்கள், பிறகு எஞ்சினை. ஓடுதளத்தில் ஓட்டுங்கள், தெருவில் வேண்டாம்.

இரண்டாவது, "நான் ஏற்றினேன்" என்று சொல்லும்போது அந்தக் குதிரைகளை நமக்கு முன்னால் வாங்கிக் கொடுத்தவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தை இழந்த ஜோசப் டே, பட்டத்தை இழந்த காடன், முகம் வெந்த டெக்னர், டிக்கிக்குள் மூச்சடக்கிக் கிடந்த அந்த இரண்டு குழந்தைகள். பில் அவர்கள் பெயரில் போட்டாகிவிட்டது. நாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதிவு நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ வைத்திருந்த டூ ஸ்ட்ரோக் வண்டி எது, அதில் என்ன மாற்றம் செய்திருந்தார்கள் என்று எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

டிஸ்கி: மெக்கானிக்கல் நண்பர்கள் அலைக் கணக்கைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் பேலன்ஸ் ஷீட் டேலி ஆனாலே சந்தோஷப்படும் ஜாதி. :-)